கான்ஸ்டான்டினோபிள் 1453: மதிலை உடைத்தது பீரங்கிதானா?

இரவுவாசகி கேட்டது:

பள்ளியில் 1453-ஐ ஒரே வரியில் படித்து முடித்துவிட்டோம். துருக்கியர் கான்ஸ்டான்டினோபிளை (இன்றைய இஸ்தான்புல்) பிடித்தார்கள், நிலவழி அடைபட்டது, ஐரோப்பியர் கடல்வழி தேடிக் கிளம்பினார்கள், அவ்வளவுதான். இப்போது அந்த நகரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த பைசாந்தியப் பேரரசைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும் பிடிபட மாட்டேன் என்கிறது.

அந்த நகரத்தின் நில மதில் 5-ஆம் நூற்றாண்டில் தியோடோசியஸ் காலத்தில் எழுந்தது. 626-இல் அவார்கள் வந்து மோதிப் பார்த்தார்கள். 717-இல் அரபுப் படை ஒரு வருஷம் முற்றுகையிட்டுவிட்டுத் திரும்பியது. 1422-இல் ஒட்டோமான் துருக்கியரின் சுல்தான் இரண்டாம் முராத் வந்தார், அவராலும் ஆகவில்லை. 1204-இல் சிலுவைப்போர்க்காரர்கள் உள்ளே புகுந்தது கூடக் கடல் பக்கத்து மதில் வழியாகத்தான். அப்படிப்பட்ட மதிலை முராத்தின் மகன் மெஹ்மத், 21 வயதில், 53 நாளில் தாண்டிவிட்டார். யாரைக் கேட்டாலும் "பெரிய பீரங்கி" என்று ஒரே பதில். ஆனால் பீரங்கி ஏப்ரல் 12-ஆம் தேதி வாக்கிலேயே சுட ஆரம்பித்துவிட்டது. நகரம் விழுந்தது மே 29. நடுவில் ஆறேழு வாரம் அந்த மதில் எப்படி நின்றது? நின்றது ஏன் பிறகு விழுந்தது?

கூடவே இன்னும் இரண்டு. கப்பல்களைத் தரைமேல் இழுத்துக் கொண்டுபோனது நிஜமா? யாரோ ஒரு சின்னக் கதவைச் சாத்த மறந்ததால்தான் எல்லாம் போயிற்று என்கிறார்களே, அது?

வெடிமருந்து:

பீரங்கியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓர்பான் என்ற வார்ப்புக்காரர், ஹங்கேரிக்காரர் என்பார்கள், முதலில் வேலை கேட்டுப் போய் நின்றது பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைனிடம்தான். அவரிடம் சம்பளம் கொடுக்கக் காசில்லை. ஓர்பான் மெஹ்மதிடம் போனார். கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. அப்போதைய ஒட்டோமான் தலைநகர் எதிர்னேவில் வார்த்த அந்தப் பெரிய குழாய் ஏறத்தாழ 8 மீட்டர் நீளம், கல் குண்டு அரை டன்னுக்கு மேல். 60 மாடுகள் இழுக்க, சாயாமல் பார்த்துக்கொள்ள 200 ஆட்கள் கூடவே நடக்க, முன்னால் ஒரு கூட்டம் பாதையைச் சமன்செய்து பாலம் போட்டுக்கொண்டே போயிருக்கிறது. 200 கிலோமீட்டரைத் தாண்டிய தூரம்.

அந்தக் குழாய் இப்போது இல்லை. ஆனால் 1464-இல் முனீர் அலி வார்த்த அதன் தம்பி இருக்கிறது. வெண்கலம், கிட்டத்தட்ட 17 டன், இரண்டு துண்டாகச் செய்து மரையிட்டுப் பூட்டும் அமைப்பு. 1807-இல் டார்டனெல்ஸ் நீரிணையில் பிரிட்டிஷ் கப்பல்கள் நுழைந்தபோது, 340 வருஷத்துப் பழசை எடுத்து அவற்றின்மேல் சுட்டிருக்கிறார்கள். 1866-இல் சுல்தான் அப்துல் அஜீஸ் அதை விக்டோரியா ராணிக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். இப்போது இங்கிலாந்தில், ஹாம்ப்ஷயரில் ஃபோர்ட் நெல்சன் அருங்காட்சியகத்தில் கிடக்கிறது. பார்த்தால் இந்தக் கேள்வியே எழாது.

சுண்ணாம்புச்சாந்து:

எனக்கு எழுகிறதே.

நான் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளன். போர்க்கலை தெரியாது, சுவர் கொஞ்சம் தெரியும். அந்த மதிலோரம் முழு நீளமும் நடந்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீட்டி முழக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது ஒற்றை மதில் இல்லை. வெளியிலிருந்து வருபவனுக்கு முதலில் அகழி, சுமார் 20 மீட்டர் அகலம். ஏறி வந்தால் இடுப்பு, மார்பு உயரத்தில் ஒரு கைப்பிடிச்சுவர். அப்புறம் ஒரு வெட்டவெளி. பிறகு வெளி மதில். அதன் பின்னால் இன்னொரு வெட்டவெளி. கடைசியில்தான் உள் மதில், 12 மீட்டர் உயரம், 5 மீட்டர் கனம், 96 கொத்தளங்கள். இடிந்த இடத்தில் நின்று குறுக்குவெட்டைப் பார்த்தால் கட்டியவன் சாமர்த்தியம் தெரியும். இரண்டு முகத்திலும் செதுக்கிய சுண்ணாம்புக்கல், நடுவில் உடைகல்லும் சாந்தும் கொட்டிய நிரப்பு, சில அடிக்கு ஒருதரம் அகலச் செங்கல் வரிசைகள் சுவரின் முழுக் கனத்துக்கும் ஊடே ஓடிக் கட்டிப் பிடிக்கின்றன. நிலநடுக்கப் பூமிக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான சுவரை அந்தக் காலத்தில் யோசிக்க முடியாது.

அரை டன் கல்லுக்கு அது தாங்காது, உண்மை. ஆனால் அந்தப் பெரிய பீரங்கியை ஒரு நாளைக்கு ஏழு முறைக்கு மேல் சுட முடியவில்லை. சுட்டதும் குழாய் விரிசல் விடாமலிருக்க எண்ணெய் ஊற்றி, ஆறவிட்டு, மறுபடி நிரப்பவேண்டும். மற்ற சின்னப் பீரங்கிகளும் இருந்தன, அவையும் இடித்துக்கொண்டேதான் இருந்தன. முதலில் உள்ளே இருந்தவர்கள் கம்பளிப் பொதியையும் தோலையும் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், பிரயோஜனமில்லை. பிறகு ஜெனோவாவிலிருந்து 700 பேரோடு வந்திருந்த ஜுஸ்தினியானி சரியான வழியைப் பிடித்தார். வெளி மதில் இடிந்து விழுந்த இடத்தில் கல்லால் திரும்பக் கட்டாமல், மரக்கட்டை, சுள்ளிக்கட்டு, மண் எல்லாவற்றையும் போட்டுக் குவித்து, மேலே மண் நிரப்பிய பீப்பாய்களை வரிசையாக வைத்தார்கள். மறைந்து நிற்க அதுதான் கைப்பிடிச்சுவர். குண்டு வந்தால் மண்ணில் புதையும், அவ்வளவுதான். கல் சிதறும், மண் சிதறாது. பின்னாளில் ஐரோப்பாக் கோட்டைகள் எல்லாம் தாழ்ந்து, தடித்து, மண் அணைத்துக் கட்டப்பட்டதற்கு இதே தத்துவம்தான் காரணம். பகலில் பீரங்கி உடைக்கும், இரவில் இவர்கள் அடைப்பார்கள். நீங்கள் கேட்ட ஆறேழு வாரம் அப்படித்தான் ஓடியது.

அப்படியானால் கணக்கு எங்கே உதைத்தது? ஆள் எண்ணிக்கையில். பேரரசர் தன் நம்பிக்கைக்குரிய ஸ்ஃப்ராந்த்ஸெஸைக் கூப்பிட்டு, ஆயுதம் பிடிக்கக்கூடிய ஊர்க்காரர் எத்தனை பேர் என்று எண்ணச் சொன்னார். ஐந்தாயிரத்தைத் தொடவில்லை. இதை வெளியே சொல்லாதே என்றார் பேரரசர். வெளிநாட்டார் ஓர் இரண்டாயிரம் பேரைச் சேர்த்தால் ஏழாயிரம். காக்கவேண்டிய மதிலோ நிலமும் கடலுமாகச் சுற்றி வந்தால் 20 கிலோமீட்டர். வெளியே 60,000, 70,000, 80,000 என்று ஆளுக்கொரு மதிப்பீடு. பகலில் சண்டை போடுபவனேதான் இரவில் மண் சுமக்கவேண்டும், கிழவரும் பெண்களும் பிள்ளைகளும் உதவிக்கு வந்தார்கள் என்றாலும்.

இப்போது இதை 447-ஆம் வருஷத்தோடு வைத்துப் பாருங்கள். அந்த வருஷம் நிலநடுக்கத்தில் இதே மதிலின் பெரும்பகுதி சரிந்தது, 57 கொத்தளங்கள் விழுந்தன என்று அக்காலக் குறிப்பு. ஹூணரோடு அத்திலா வந்துகொண்டிருக்கிறான். கான்ஸ்டன்டைன் என்ற உயர் அதிகாரி (பேரரசர் வேறு, இவர் வேறு, அந்த ஊரில் அந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை) இரண்டு மாதம்கூட ஆகாமல் முழுதையும் நிமிர்த்திவிட்டார். கட்டுக்கதை மாதிரி இருக்கிறதே என்று நினைக்கவேண்டாம், மெவ்லவிஹானே வாசலில் லத்தீனிலும் கிரேக்கத்திலும் கல்வெட்டே இருக்கிறது. பல்லாஸ் (அதீனா) தேவியால்கூட இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு உறுதியான கோட்டையை எழுப்பியிருக்க முடியாது என்று லத்தீன் வரி பெருமையடிக்கிறது. நான் அதன் கீழே நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒப்பந்தக்காரர் யாராக இருந்தாலும் அப்படி ஒரு பலகை வைத்துக்கொள்ள உரிமை உண்டு.

ஆக, 447-இல் இரண்டு மாதத்துக்குள் கிலோமீட்டர் கணக்கில் சுவர். 1453-இல் கிட்டத்தட்ட அதே இரண்டு மாதத்தில் சில நூறு மீட்டரை மண் போட்டு அடைத்துக் காப்பாற்ற முடியவில்லை. மதில் அதேதான். முதல் தடவை உள்ளே லட்சக்கணக்கில் ஜனம். இரண்டாம் தடவை ஐம்பதாயிரம் இருந்தால் அதிகம்.

அந்த ஜனமெல்லாம் எங்கே போயிற்று என்றால் 1204-க்குத்தான் போகவேண்டும். சிலுவைப்போர்க்காரர்கள் சூறையாடி, வெண்கலச் சிலைகளை உருக்கிக் காசாக்கி, 57 வருஷம் உட்கார்ந்து சுரண்டினார்கள். நகரம் அதிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. நடுவில் கொள்ளைநோய் வேறு. 1403-இல் அங்கே வந்த காஸ்டீல் (ஸ்பெயின்) தூதர் கிளாவிஹோ, மதிலுக்குள்ளேயே வயலும் பழத்தோட்டமும் இருப்பதை எழுதியிருக்கிறார். பணத்தைக் கேட்கவே வேண்டாம். 1343-இல் அரச நகைகளை வெனிஸில் 30,000 டுகாட்டுக்கு அடகு வைத்தார்கள், மீட்கவே இல்லை. நாலு வருஷம் கழித்து நடந்த முடிசூட்டு விழாவில் கிரீடத்தில் இருந்தது கண்ணாடிக்கல், விருந்தில் வைத்தது ஈயப் பாத்திரமும் மண்பாத்திரமும். அதே வீட்டு வாசலில்தான் ஓர்பான் போய் வேலை கேட்டார். வெடிமருந்து சொன்ன கதையும் இதற்குள்தான் அடக்கம்.

கடற்காகம்:

கப்பல் விஷயத்துக்கு நான் வருகிறேன். நிஜம்தான். நகரத்துக்குள் இருந்தவர்களே கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார்கள். வெனிஸ் கப்பல் ஒன்றின் மருத்துவர் நிக்கோலோ பர்பாரோ நாட்குறிப்பே வைத்திருந்தார்.

நகரத்துக்கு வடக்கே பொற்கொம்பு என்ற கழிமுகம். எதிரிக் கப்பல் நுழையாமல் அதன் வாய்க்குக் குறுக்கே சங்கிலி கட்டியிருந்தார்கள். ஏப்ரல் 20 அன்று மூன்று ஜெனோவாக் கப்பலும் தானியம் ஏற்றிய பேரரசின் கப்பல் ஒன்றும் ஒட்டோமான் கடற்படை முழுவதையும் சமாளித்து உள்ளே வந்துவிட்டன. கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மெஹ்மத் ஆத்திரத்தில் குதிரையைக் கடலுக்குள்ளேயே விட்டாராம். கடற்படைத் தலைவர் பால்தாஓலுவுக்கு வேலை போயிற்று. ஏப்ரல் 22-ஆம் தேதி சுமார் 70 கப்பல்கள் எதிர்க்கரையில் உள்ள காலாட்டாவுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறிச் சங்கிலிக்கு உள்பக்கம் இறங்கின. கொழுப்பு தடவிய கட்டைகள், மாடுகள், கயிறு, ஆட்கள். வேடிக்கைக்காகப் பாயையும் விரித்திருந்தார்களாம். பெரும்பாலும் சின்னக் கப்பல்கள் என்பதைச் சேர்த்துக்கொண்டால் நம்புவது கஷ்டமில்லை. யோசனையும் புதிதில்லை. 1439-இல் வெனிஸ்காரர்களே மலைமேல் கப்பல்களை இழுத்துக் கார்தா ஏரியில் இறக்கியிருந்தார்கள்.

சண்டையில் அந்தக் கப்பல்கள் பெரிதாக எதையும் கிழிக்கவில்லை. ஆனால் அதுவரை கவலையில்லாமல் இருந்த பொற்கொம்புப் பக்கத்து மதிலுக்கும் காவல் போடவேண்டி வந்தது. சாந்து சார் சொன்ன ஏழாயிரத்தில் இன்னொரு பங்கு அங்கே போயிற்று.

அதே பர்பாரோ எழுதியது இன்னொன்று. மே 3-ஆம் தேதி 12 பேர் துருக்கியர் மாதிரி உடுத்திக்கொண்டு ஒரு சிறு படகில் வெளியே போனார்கள். வெனிஸ் அனுப்புவதாகச் சொன்ன உதவிக் கப்பற்படை எங்கே வருகிறது என்று தேட. ஏஜியன் கடலில் தேடிப் பார்த்தார்கள், ஒன்றையும் காணோம். திரும்பிப் போகவேண்டாம், நகரம் இந்நேரம் விழுந்திருக்கும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மே 23-ஆம் தேதி திரும்பி வந்து, யாரும் வரவில்லை என்று பேரரசரிடமே சொன்னார்கள். எனக்கு இந்த முற்றுகையில் பீரங்கியைவிட, கப்பலைவிட, இந்தப் படகுதான் பெரிது.

இரவுவாசகி:

சாந்து சார், 447-உம் 1453-உம் பக்கத்தில் வைத்துக் காட்டினது நன்றாக இருந்தது. ஆனால் கடைசி இரவு? ஏழு வாரம் அடைத்து அடைத்து நின்றவர்கள் சில மணி நேரத்தில் ஏன் கலைந்தார்கள்? கதவுக் கதைக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

சுண்ணாம்புச்சாந்து:

கதவு இரண்டு இருக்கிறது. பேர்பெற்றது கெர்கோபோர்ட்டா என்ற திட்டிவாசல். வடக்கே அரண்மனைப் பக்கம். வெளியே போய்த் தாக்கிவிட்டு வந்தவர்கள் தாழ் போட மறந்தார்கள், அதன் வழியே துருக்கியர் புகுந்து கொடி நாட்டினார்கள் என்பது கதை. இதை எழுதியவர் தூக்காஸ் ஒருவர்தான், அவர் முற்றுகையின்போது நகரத்திலேயே இல்லை. உள்ளே இருந்த பர்பாரோ அப்படி ஒரு கதவைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு பேரரசே போனதற்கு மறதி என்ற காரணம் சௌகரியமாக இருக்கிறது, அதனால் நிலைத்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது கதவு எனக்கு முக்கியம். ஆள் போதாததால் இரண்டு மதிலிலும் நிற்க முடியாது. ஆகவே எல்லாரையும் வெளி மதிலில், அதாவது அந்த மண் அணையில் நிறுத்தினார்கள். அப்புறம் தங்களுக்குப் பின்னால் இருந்த உள் மதிலின் கதவுகளைப் பூட்டிக்கொண்டார்கள். யாரும் ஓடக்கூடாது என்று அவர்களே எடுத்த முடிவு.

மே 29 விடிவதற்கு வெகுநேரம் முன்பே தாக்குதல் தொடங்கியது. முதலில் முறைசாராத படை, பிறகு அனத்தோலியப் படை. இரண்டும் திரும்பிப் போயின. மூன்றாவதாக ஜானிசரிகள் என்ற சுல்தானின் சொந்தக் காலாட்படை, மெஹ்மதே அகழி வரை கூட வந்தாராம். அவர்களையும் மண் அணையில் நின்று தடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஜுஸ்தினியானிக்கு அடிபட்டது. தன்னைக் கப்பலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். பேரரசர் போகவேண்டாம் என்று மன்றாடியதாகச் சொல்கிறார்கள். ஆனாலும் அவரைக் கொண்டுபோக உள் மதிலின் கதவு ஒன்றைத் திறந்தார்கள். அவருடைய ஆட்கள் கதவு திறந்ததைப் பார்த்தார்கள், தலைவர் போவதைப் பார்த்தார்கள். எல்லாரும் அந்த ஒரு கதவை நோக்கி நெருக்கியடித்து ஓடினார்கள். கலவரத்தைக் கவனித்த ஜானிசரிகள் ஏறிவிட்டார்கள். ஜுஸ்தினியானி கியோஸ் தீவு வரை போய்ச் செத்தார். பேரரசர் அந்த நெரிசலுக்குள்ளேயே இறங்கினார், உடல் இதுதான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஜுஸ்தினியானியைக் கோழை என்று கிரேக்கர்களும் வெனிஸ்காரர்களும் திட்டித் தீர்த்தார்கள். காயத்தாலேயே செத்த மனிதரை அப்படிச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. உள் மதிலில் ஓர் ஆயிரம் பேர் நின்றிருந்தால் முன்வரிசை கலைந்தாலும் பின்வரிசை பிடித்திருக்கும். அந்த ஆயிரம் பேர்தான் இல்லை.

ஒரு கொசுறு: மர்மரா பக்கத்துக் கடல் மதிலைக் காத்தவர்களில் ஓர்ஹான் என்ற ஒட்டோமான் இளவரசரும் தன் ஆட்களோடு இருந்தார். அரியணைக்கு உரிமை கோரக்கூடியவர், நகரத்தில் அடைக்கலம். மெஹ்மத் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று அவருக்கு மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். மதவாரியாகப் பிரித்து இந்தப் போரைப் பார்ப்பவர்கள் இவரை எந்தப் பக்கம் வைப்பார்கள் என்று தெரியவில்லை.

மிளகுக்கணக்கு:

முதல் பதிவில் இருந்த பள்ளிக்கூட வரிக்கு மட்டும் என் பங்கு. "1453-ஆல் வழி அடைபட்டது, அதனால் கடல்வழி" என்பது தேதிகளுக்கு ஒத்துவரவில்லை. போர்ச்சுகீசியர் 1415-லேயே வட ஆப்பிரிக்காவில் செயூத்தாவைப் பிடித்துவிட்டார்கள், 1434-இல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் பொஹதோர் முனையைத் தாண்டிவிட்டார்கள். அப்போது மெஹ்மதுக்கு இரண்டு வயது. மிளகும் கிராம்பும் ஐரோப்பாவுக்குப் போன முக்கிய வழி செங்கடல், எகிப்து, அலெக்சாந்திரியா. அது எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் கையில் இருந்தது. ஒட்டோமான்கள் எகிப்தைப் பிடித்தது 1517-இல். வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கி அதற்குள் 19 வருஷம். வெனிஸும் அழுதுகொண்டு உட்காரவில்லை, 1454-லேயே மெஹ்மதோடு ஒப்பந்தம் போட்டு வியாபாரத்தைத் தொடர்ந்தது. கருங்கடல் வியாபாரத்தில் ஜெனோவாவுக்குப் பலத்த அடி, அது உண்மை. ஆனால் மிளகு கிடைக்காமல் போர்ச்சுகல் கப்பல் ஏறவில்லை. வெனிஸுக்குப் போகும் லாபம் தனக்கு வரவேண்டும் என்று ஏறியது.

வெடிமருந்து:

சாந்து சார், பீரங்கி இல்லாவிட்டால் இரவெல்லாம் மண் சுமக்கும் வேலையே வந்திருக்காதே? ஆள் பஞ்சம் 1422-இலும்தான் இருந்தது, அப்போது மதில் நின்றதே.

சுண்ணாம்புச்சாந்து:

நியாயமான அடி. 1422-இல் பீரங்கி சின்னது, மூன்று மாதம் முற்றுகையிட்ட பிறகு முராத்துக்கு வீட்டில் தம்பி ஒருவன் கலகம் செய்ததால் கிளம்பிவிட்டார். மெஹ்மத் முந்தின வருஷமே பாஸ்பரஸ் கரையில் ரூமெலி ஹிசாரைக் கட்டிக் கருங்கடலிலிருந்து உதவி வரும் வழியை அடைத்துவிட்டுத்தான் வந்தார். சுவர்க்காரனாக அந்தக் கோட்டையையும் மெச்சுகிறேன், நாலைந்து மாதத்தில் எழுப்பியிருக்கிறார்கள். பீரங்கிக்கு 60 மதிப்பெண், ஆள் பஞ்சத்துக்கு 40 என்று நீங்கள் போட்டால் சண்டைக்கு வரமாட்டேன். நான் திருப்பிப் போடுவேன், அவ்வளவே.

இரவுவாசகி:

அடுத்த வருஷம் இஸ்தான்புல் போக வாய்ப்பு இருக்கிறது. ஒரு நாளில் மதிலைப் பார்க்க முடியுமா? எங்கே ஆரம்பிப்பது?

சுண்ணாம்புச்சாந்து:

தெற்கே யெடிக்குலேயில் ஆரம்பித்து வடக்கே பொற்கொம்பு வரை, ஆறு கிலோமீட்டர் சொச்சம். நின்று பார்த்துப் போனால் ஒரு பகல் சரியாக இருக்கும். ஆரம்பத்தில் அகழிக்குள்ளேயே காய்கறித் தோட்டம் போட்டிருப்பார்கள், கீழே எட்டிப் பாருங்கள். மெவ்லவிஹானே வாசல் கல்வெட்டை விடாதீர்கள். தோப்காப்பி வாசலுக்கும் எதிர்னேகாப்பிக்கும் நடுவில் நிலம் பள்ளமாக இறங்கி ஏறும், இப்போது அகலமான சாலை ஒன்று மதிலை அறுத்துக்கொண்டு போகிறது. லைகஸ் ஓடை ஓடிய பள்ளம் அதுதான். எதிர்ப்பக்கம் மேடு என்பதால் பீரங்கி வைத்தவனுக்கு உள்ளே வரைக்கும் தெரியும். கடைசி இரவு நடந்தது அந்தப் பள்ளத்தில்தான். இடிந்த படிகளில் ஏறாதீர்கள், சில இடத்தில் கைப்பிடி இல்லை. எதிர்னேகாப்பி பக்கத்தில் கோரா என்ற பழைய தேவாலயத்துக்கும் (இப்போது மசூதி) நேரம் ஒதுக்குங்கள்.

டாக்ஸியில் போனால் தோப்காப்பி வாசல் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறுமனே தோப்காப்பி என்றால் அரண்மனையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், அது நகரத்தின் மறுகோடி.